உஷார்! வேலை வாங்கித் தர்றேன்னு வரும் தெரிஞ்ச குரல்

திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் பக்கம் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்து வீட்டில் இருப்பவர், தொழிற்சாலையில் ஆள்குறைப்பில் வேலை இழந்தவர், சம்பளம் பற்றாமல் வேறு இடம் பார்ப்பவர் என யாராக இருந்தாலும் சரி, உங்கள் கைப்பேசிக்கு இப்படி ஒரு சேதி வரலாம்:

"மச்சி, வேலை தேடுறியாமே? என் ஆளு ஒருத்தர் இருக்காரு. கஸ்டமர் சர்வீஸ் வேலை, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா போதும். மாசம் 6,000 வெள்ளி. தங்குற இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. டிக்கெட்டும் அவங்களே போட்டுருவாங்க. பாஸ்போர்ட் இருக்கா? இந்த வாரமே கிளம்பணும். வீட்ல இப்ப சொல்லாத, போய்ச் சேர்ந்துட்டு சொல்லிக்கலாம்."

இதை அனுப்புபவர் ஊர் பேர் தெரியாத ஏஜெண்டாக இருந்தால் நாம் சுதாரித்துக்கொள்வோம். ஆனால் அனுப்புவது தமிழ்ப்பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். அல்லது அக்காவின் சம்பந்தி வீட்டுப் பையன். அல்லது தைப்பூசத்துக்கு ஒன்றாக உருமி அடித்தவன். தெரிந்தவன் சொன்னான் என்பதால் வேறெதையும் நாம் கேட்பதில்லை. ஐசியைப் படம் எடுத்து அனுப்புகிறோம், முன்பணம் கட்டுகிறோம், பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுக்கிறோம், பஸ் ஏறுகிறோம். மோசடிக் கும்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் நேராக வருவதில்லை, நமக்குத் தெரிந்தவர் வழியாக வருகிறார்கள்.

மேலே உள்ள சேதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கம்பெனி பேர் இல்லை. வேலை செய்யும் ஊர் பேர் இல்லை. நேர்காணல் இல்லை. அனுபவமும் கேட்கவில்லை. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அனுபவமே இல்லாத ஒரு பிள்ளைக்கு அதைப்போல் மூன்றரை மடங்கு கொடுத்து, டிக்கெட்டும் போட்டு, இந்த வாரமே வா என்று எந்த நேர்மையான முதலாளியும் அவசரப்படுத்த மாட்டார். எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வரி மோசமானது. "வீட்ல சொல்லாத" என்று எந்த வேலைக்கு நிபந்தனை வந்தாலும் அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள். வேறு விசாரணையே தேவையில்லை.

கூப்பிடும் நண்பனே அடைபட்டுக் கிடக்கலாம்

2022ஆம் ஆண்டு முதல் மலேசியப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கம்போடியா, மியன்மார், லாவோஸ் நாடுகளில் மோசடிக் கூடாரங்களில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். வேலை என்று சொல்லி அழைத்துப்போவது, போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வது, சுற்றுச்சுவரும் காவலும் போட்ட கட்டடத்தில் அடைத்து, இணையத்தில் அடுத்தவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யவைப்பது, இலக்கை எட்டாவிட்டால் அடிப்பது, மின்சாரம் பாய்ச்சுவது, வெளியே விட வேண்டுமென்றால் குடும்பத்திடம் பணம் கேட்பது. உயிரோடு திரும்பி வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்ன கதை இதுதான். திரும்பாமலே போனவர்களும் உண்டு.

2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இப்படி வலுக்கட்டாயமாக மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம் என்றது. தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்கு எதிரே, மோய் ஆற்றைத் தாண்டினால் மியன்மாரின் மியாவடி. கே.கே. பார்க் என்று உலகமே அறிந்த மோசடி வளாகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு எல்லை தாண்டிப் போகும் மின்சாரத்தையே துண்டித்தது. அதன் பிறகு அந்தப் பகுதி வளாகங்களிலிருந்து ஏறக்குறைய 7,000 பேர் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த மாதம் இந்திய விமானப்படை இரண்டு விமானங்களில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து ஊருக்கு அழைத்துப் போனது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதில் தப்பவில்லை. 2022 அக்டோபரில் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான், தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆசை காட்டி மியன்மாருக்குக் கடத்துகிறார்கள் என்று இந்திய வெளியுறவு அமைச்சு எச்சரிக்கை விட்டிருந்தது. படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள்கூட ஏமாந்தார்கள். அதனால் "எங்க பிள்ளை விவரமானவன், அவன் போகமாட்டான்" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இதில் பெற்றோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. உள்ளே அடைபட்டவர்களிடம் கும்பல் ஒரு பேரம் பேசுகிறது: உன் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடு, உன்னை விட்டுவிடுகிறோம். சிலருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு. அடியும் உதையும் வாங்கிய பிள்ளை யாரைக் கூப்பிடுவான்? தன் கைப்பேசியில் இருக்கும் நண்பர்களைத்தான். "நான் இங்க நல்லா இருக்கேன்டா, நீயும் வாடா" என்று நண்பனின் சொந்தக் குரலே சொல்லலாம். வீடியோவில் முகமும் காட்டலாம். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது திரையில் தெரியாது. இந்த விஷயத்தில் தெரிந்த குரல் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

நம் கெடா மாநிலத்துக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் நெடுஞ்சாலை ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. ஹாட்யாய் நமக்குச் சனி ஞாயிறு போய்வரும் ஊர். அதனால் "ஹாட்யாய் வரைக்கும் வா, அங்கிருந்து ஆள் கூட்டிப் போகும்" என்றால் பிள்ளைகளுக்குப் பயமே வருவதில்லை. சுற்றிப்பார்க்கப் போகும் அனுமதியில் தாய்லாந்துக்குள் நுழைந்து வேலை செய்வதே சட்ட விரோதம். அந்த நிலையில் ஹாட்யாயிலிருந்து வடக்கே வேன் ஏறிவிட்டால், எங்கே போகிறோம் என்பது வேன் ஓட்டுபவனுக்கு மட்டுமே தெரியும்.

ஆள் வழியாக வேலை என்பது நமக்குப் பழகிய வழி

நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததே ஆள் வழியாகத்தான். தோட்டத்துக் கங்காணி அனுமதிச் சீட்டோடு தன் சொந்தக் கிராமத்துக்குப் போவார். சொந்தக்காரர், ஒரே சாதிக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று ஆள் சேர்ப்பார். சேர்த்த ஆளுக்குத் தகுந்த கமிஷன் அவருக்கு. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கொடுத்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைத்துக் கப்பல் ஏற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இப்படியே நடந்தது. சொந்த ஊர் ஆள் சொல்கிறாரே என்று நம்பி ஏறியவர்கள்தான், சொன்ன கூலி வேறு, கிடைத்த கூலி வேறு என்பதைப் பால்மரக் காட்டுக்குள் வந்த பிறகு தெரிந்துகொண்டார்கள்.

தோட்டத்தில் குடியேறிய பிறகும் அதே வழிதான். கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பையனுக்கு வெளிக்காட்டு வேலை, தண்டலிடம் சொல்லிவைத்தால் மகளுக்கு ஆயாக்கொட்டகை வேலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தமான்களுக்குக் குடிபெயர்ந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் பிறைக்கும் ஃபேக்டரி பஸ் ஏறிய தலைமுறையும், கூலிம் ஹைடெக் பார்க்குக்கு மோட்டாரில் போகும் தலைமுறையும் பெரும்பாலும் யாரோ ஒருவர் சொல்லித்தான் உள்ளே போனார்கள். அதில் தவறே இல்லை. நல்ல கேபல், அதாவது சிபாரிசு, இருந்தால் நல்லதுதான்.

ஆனால் தோட்டத்தில் ஒரு காப்பு இருந்தது. சொன்னவர் நம் கண் முன்னால் இருந்தார். பொய் சொன்னால் கோயில் திருவிழாவில் பிடித்துக் கேட்கலாம், அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இன்று சேதி வாட்சாப்பில் வருகிறது. சொன்னவனுக்கு இன்னொருவன் சொன்னான், அவனுக்கு டெலிகிராமில் யாரோ சொன்னான். நான்கு கை மாறி வந்த சேதிக்கு முதல் கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, அதைக் காத்த ஊர்தான் நம்மைச் சுற்றி இல்லை.

உள்ளூரிலேயே விரிக்கப்படும் வலைகள்

வெளிநாட்டுக்குப் போகாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். நண்பர் வழியாக, உறவு வழியாக நம் வீட்டு வாசலுக்கே வருபவை இவை.

முதலாவது, கார்டு கேட்கும் வேலை. "புதுசா ஒரு பேங்க் அக்கவுண்ட் திற, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் என்கிட்ட குடு, மாசம் 500 வெள்ளி சும்மா வரும்." இது வேலையே இல்லை. மோசடிப் பணம் ஓடுவதற்கு உங்கள் பெயரில் திறக்கும் கழுதைக் கணக்கு. ஏமாந்தவர் போலீஸில் புகார் கொடுத்ததும், பணம் எந்தக் கணக்கில் விழுந்ததோ அந்தக் கணக்குக்காரரைத்தான் முதலில் கைது செய்வார்கள். 2024இல் நம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கையும் கார்டையும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதையே தனிக் குற்றமாக ஆக்கிவிட்டார்கள். சிறைத் தண்டனை உண்டு. கணக்கு முடங்கும், பெயர் கெடும், நாளைக்கு உண்மையான வேலை கிடைத்தாலும் சம்பளம் போடக் கணக்கு இருக்காது.

இரண்டாவது, முன்பணம். "ஃபார்முக்கு 150, மெடிக்கலுக்கு 200, யூனிஃபார்முக்கு 300, எல்லாம் முதல் சம்பளத்துல திரும்பி வந்துரும்." நேரடியாக ஆள் எடுக்கும் கம்பெனி வேலைக்கு வருபவரிடம் இப்படிப் பணம் வாங்குவதில்லை. ஏஜென்சி வழியாக என்றால், 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். வேலைக்கு அனுப்பியதற்கு அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் அதே சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: உள்நாட்டு வேலைக்கு முதல் மாத அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காடு, வெளிநாட்டு வேலைக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம். உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் 200,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்து பணம் வாங்கும் ஆளிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றாவது, அரசாங்க வேலைக்குக் காப்பிக் காசு. "மேல ஆள் இருக்கு, 8,000 குடுத்தா இமிக்ரேஷன்ல எடுத்துடுவாங்க." நம் சமூகத்தில் அரசாங்க வேலைக்கு இருக்கும் ஏக்கம் பெரியது. தாலியை அடகு வைத்துக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். அரசுப் பணிகளுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வாங்கியவன் ஏமாற்றுக்காரனாக இருந்தால் பணம் போகும். உண்மையிலேயே உள்ளே ஆள் வைத்திருப்பவனாக இருந்தால் கொடுத்த நீங்களும் குற்றவாளி. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் 20 ஆண்டு வரை சிறை.

நான்காவது, சப்-காண்ட் வேலை. நண்பன் உண்மையாகவே ஒரு ஃபேக்டரிக்கு அழைத்துப் போவான், வேலையும் உண்மைதான். ஆனால் உங்களை வைத்திருப்பது அந்த ஃபேக்டரி இல்லை, இடையில் ஒரு ஆள் சப்ளைக்காரர். ஈபிஎஃப் கட்டமாட்டார், சொக்சோ கட்டமாட்டார். மெஷினில் விரல் போன பிறகுதான் சொக்சோவில் பெயரே இல்லை என்று தெரியும். சேர்ந்த மாதத்துக்கான ஈபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அந்தத் தேதி தாண்டியதும் ஈபிஎஃப் செயலியைத் திறந்து பாருங்கள். பணம் விழவில்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் தர வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

ஐந்தாவது, கைப்பேசியிலேயே பார்ட் டைம். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்குவார்கள். முதல் இரண்டு நாள் 20, 30 வெள்ளி உண்மையாகவே வரும். அந்த மகிழ்ச்சியில் நீங்களே நாலு நண்பர்களைச் சேர்த்துவிடுவீர்கள். பிறகு பெரிய டாஸ்க்குக்கு நீங்கள் முதலில் பணம் போட வேண்டும் என்பார்கள். போட்ட பணம் திரும்பாது, சேர்த்துவிட்ட நண்பர்களின் முகத்திலும் விழிக்க முடியாது.

அப்படியானால் யாரிடமும் வேலை கேட்கவே கூடாதா?

கேட்க வேண்டும். நிறையப் பேரிடம் கேட்க வேண்டும். கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1970 வாக்கில், வேலை கிடைத்தவர்களை மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரத்தில் தேடிப் பிடித்து, எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் வழியாகத்தான் கிடைத்திருந்தது. ஆனால் அந்தத் தெரிந்தவர்களில் தினமும் பழகும் நெருங்கிய நண்பர்கள் குறைவு. எப்போதாவது பார்க்கும் பழைய வகுப்புத் தோழர், முன்னாள் சக ஊழியர் போன்றவர்களே அதிகம். 2022இல் லிங்க்டின் பயனர்கள் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. காரணம் எளிது. நம் நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத சேதி தெரியும்.

அதனால் மாலையில் ஒட்டுக்கடையில் கூடும் அதே ஐந்து பேரிடம் மட்டும் சொல்லிவைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். பழைய ஃபேக்டரியின் சூப்பர்வைசர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இடைநிலைப்பள்ளித் தோழி, கோயில் கமிட்டிப் பொருளாளர், ஃபேக்டரி பஸ் ஓட்டும் மாமா, ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் பக்கத்துத் தமான் அக்கா. கூலிமில் 1996 முதல் இயங்கும் ஹைடெக் பார்க்கில் இன்ஃபினியன், ஏடி அண்ட் எஸ் போன்ற நிறுவனங்களின் புதுத் தொழிற்சாலைகள் 2024இல் திறக்கப்பட்டன. அங்கே யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று யோசியுங்கள்.

பிறகு "அண்ணே, ஏதாச்சும் வேலை இருந்தா பாத்து சொல்லுங்கண்ணே" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏதாச்சும் என்று கேட்கும் அவசரத்தைப் பார்த்துத்தான் மோசடிக்காரனும் மோப்பம் பிடிக்கிறான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணே. நான் திகாம் பத்து, தமிழ்ப்பள்ளியில உங்க தம்பிகூட படிச்சவன். பழைய கம்பெனியில ஆளக் குறைச்சதுல வேலை போயிடுச்சு. நாலு வருஷம் ஆபரேட்டரா ஷிப்ட் பாத்திருக்கேன், ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியும் எடுத்திருக்கேன். உங்க இடத்துல ஸ்டோர்ல ஆள் எடுக்குறாங்களா, எங்க விண்ணப்பிக்கணும்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்ணே. நேரம் இருக்கப்ப அஞ்சு நிமிஷம் போன்ல பேசலாமா?"

இதில் நீங்கள் யார், என்ன தெரியும், என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. அண்ணனை வேலை வாங்கித்தரச் சொல்லவில்லை, சேதி மட்டும் கேட்கிறீர்கள். அதனால் அவருக்கும் சங்கடமில்லை. அவர் பேச ஒப்புக்கொண்டால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நேரடியாக எடுக்கிறார்களா, ஏஜென்சி வழியாகவா? ஓவர்டைம் இல்லாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? நம் பக்கம் ஃபேக்டரி பஸ் வருகிறதா? போன வருஷம் சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? பேசி முடித்ததும் நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த காலியிடத்தை இன்னொருவருக்குச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: தெரிந்தவரிடம் சேதியை வாங்குங்கள், முடிவை ஒப்படைக்காதீர்கள். ஐசி, பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு, பணம் இந்த நான்கும் எந்த நண்பரின் கை வழியாகவும் போகக்கூடாது. முதலில் அனுப்பும் பயோடேட்டாவில் ஐசி எண் வேண்டாம், பேங்க் விவரம் வேண்டவே வேண்டாம். வேலை உறுதியாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள்

கம்பெனியின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கி, நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம். தளத்தில் தேடுங்கள். அதன் பொது எண்ணை நீங்களே கண்டுபிடித்துக் கூப்பிட்டு, இப்படி ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். நண்பர் கொடுத்த எண்ணில் கேட்டால் அது சோதனை ஆகாது.

ஏஜென்சி என்றால் மனிதவள அமைச்சின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பணம் கேட்கும் பேங்க் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே புகார் எதுவும் இல்லையென்றாலும் அது நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை, புதிதாகத் திறந்திருக்கலாம். புகார் இருந்தால் உடனே விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே அங்கே போயிருக்கும் நண்பன்தான் கூப்பிடுகிறான் என்றால், முதலில் அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். மகன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறானா, எந்த ஊரில் இருக்கிறான், கடைசியாக எப்போது வந்தான் என்று கேளுங்கள். அவர்களுக்கே தெரியவில்லையென்றால் நீங்கள் போகாதீர்கள். அவனுக்கும் உதவி தேவைப்படலாம், அதையும் அந்த வீட்டில் சொல்லுங்கள்.

காசில்லாமல், கேபல் இல்லாமல் வேலை தேட நேரான வழிகளும் உண்டு. சொக்சோ எனும் பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். ஆள்குறைப்பில் வேலை போனவர்கள் 60 நாளுக்குள் பெர்கேசோவில் வேலைக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சந்தா நிபந்தனை நிறைவாக இருந்தால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 விழுக்காடு என்று படிப்படியாக 6 மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். நம் மக்களில் எத்தனையோ பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கையில் அந்தப் பணம் இருந்தால், 6,000 வெள்ளி என்று வரும் சேதியை நிதானமாகப் பார்க்கும் தெம்பு வரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. உடனே 997 எண்ணைக் கூப்பிடுங்கள். அது 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையம். உங்கள் பேங்க்கின் அவசர எண்ணையும் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். சேதிகளை அழிக்காதீர்கள், எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டைக் கொடுத்துவிட்டிருந்தால் இன்றே பேங்க்குக்குப் போய்க் கணக்கை முடக்கி, புகாரும் கொடுங்கள். போலீஸ் உங்களைத் தேடி வருவதற்கு முன்னால் நீங்கள் போவது நல்லது.

பிள்ளை வெளிநாட்டில் சிக்கியிருந்தால், கும்பல் கேட்கும் பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு இன்னொரு கும்பலுக்கு விற்றுவிட்ட கதைகள் உண்டு. போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கும் அந்நாட்டில் உள்ள மலேசியத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். இருப்பிடம், கட்டடத்தின் படம், கடைசியாகப் பேசிய எண் என எது கிடைத்தாலும் மீட்பவர்களுக்கு உதவும். ஊரில் நான்கு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே இருக்கும் பிள்ளைதான் அடி வாங்குகிறது.

ஊர்ப் பெரியவர்களுக்கு

நம் கெடா தோட்டங்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1946, 47ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, தொழிலாளியின் கூலியைக் குடித்துக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. வெளியிலிருந்து யாரும் வரும்வரை அந்த இளைஞர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் வீட்டைத் தாங்களே காக்க எழுந்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பையும் உடம்பையும் குறிவைத்து வரும் கும்பலுக்கு எதிராகவும் அப்படி ஒரு ஏற்பாடு நமக்கு வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒவ்வொரு கோயில் கமிட்டியும், ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விவரம் தெரிந்த இரண்டு பேரை நியமிக்கட்டும். வேலை என்று யாருக்குச் சேதி வந்தாலும் கிளம்புவதற்கு முன் அவர்களிடம் காட்டுவது என்று ஊரே வழக்கமாக்கிக்கொள்ளட்டும். அவர்கள் எஸ்.எஸ்.எம்., உரிமப் பட்டியல், செமாக் மியூல் மூன்றையும் பார்த்துச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூடும்போது ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். ஃபேக்டரிகளில் நல்ல பதவியில் இருக்கும் நம்மவர்கள், காலியிடம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சொல்லுங்கள். உண்மையான சேதி ஊருக்குள் புழங்கினால் பொய்ச் சேதிக்கு வேலை குறையும்.

பெற்றோரே, இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: வேலை விஷயமா யாராச்சும் மெசேஜ் பண்ணாங்களா, காட்டு பாப்போம். திட்டாமல் கேளுங்கள். வேலை இல்லை என்று தினமும் குத்திக்காட்டும் வீட்டுப் பிள்ளைதான் "வீட்ல சொல்லாத" என்ற வார்த்தையில் விழுகிறான். தம்பி தங்கைகளே, உங்களுக்கு அந்தச் சேதி வந்திருந்தால் பதில் போடாதீர்கள். படமெடுத்து வீட்டில் காட்டுங்கள், எண்ணைத் தடுத்துவிடுங்கள், மைஃபியூச்சர்ஜாப்ஸில் பதிந்துகொள்ளுங்கள், நாளைக் காலையில் அந்தத் தாளில் எழுதிய முதல் ஆளுக்குப் போன் போடுங்கள்.